சவுத்தாம்ப்டனுக்குப் போற வழி

தெல்மா: மறுபடியும் ஏன்டா நிறுத்தின?

நெவில்: குதிரை இருக்குக்கா. பாரு, நடு ரோட்டுல நிக்குது.

தெல்மா: அது ஓரமாத்தான் மேயுது. நடு ரோட்டுல நிக்கிறது நம்ம காருதான்.

நெவில்: இந்தக் காட்டுல குதிரைக்குத்தான் முதல் மரியாதை. போர்டு வச்சிருக்கான் பாத்தியா... மெதுவா ஓட்டுங்கன்னு.

தெல்மா: மெதுவா ஓட்டுன்னு போட்டிருக்கான். ஓட்டாதேன்னு போடல.

நெவில்: அய்யோ, குட்டிய பாரேன்... ஒரு போட்டோ எடுத்துக்கோக்கா.

தெல்மா: பதினோரு போட்டோ எடுத்தாச்சு. எல்லாத்துலயும் அதே குட்டி. மணி என்ன?

நெவில்: ஒண்ணு... ஒண்ணேகால் இருக்கும்.

தெல்மா: ஒண்ணு அம்பது. எங்கிட்டயும் கடிகாரம் இருக்கு நெவில்.

நெவில்: அப்படியா? நேரம் போனதே தெரியல பாரு...

தெல்மா: ரெண்டு மணிக்குத் துறைமுகத்துல கேட்டை மூடிருவாங்கன்னு நம்ம ஊரு பார்ன்ஸ்லியில கிளம்பும்போதே சொன்னேனா இல்லையா?

நெவில்: சொன்ன, சொன்ன. போயிரலாம்.

தெல்மா: என் திட்டத்துல இன்னிக்கு என்ன எழுதியிருந்துச்சு? படி.

நெவில்: எதுக்குக்கா இப்ப...

தெல்மா: படிடா.

நெவில்: "ஒன்பதரைக்கு சாலிஸ்பரி விடுதியைக் காலி பண்றது. நேரா சவுத்தாம்ப்டன். நாப்பது நிமிஷம்."

தெல்மா: நீ என்ன பண்ண? எதிர்த் திசையில போய்க் கல்லைக் காட்டின.

நெவில்: ஸ்டோன்ஹெஞ்சக்கா! நாலாயிரம் வருஷத்துக் கல்லு!

தெல்மா: நாலாயிரம் வருஷம் நின்ன கல்லு இன்னும் ரெண்டு வாரம் நிக்காதா? நான் கப்பல்ல நார்வே போயிட்டு வந்து பாத்தா கோவிச்சுக்குமா?

நெவில்: இவ்வளவு தூரம் வந்துட்டு...

தெல்மா: அப்புறம் மீன் வறுவல் திங்கணும்னு ஒரு பப்புல ஒண்ணேகால் மணி நேரம். ஒரு மீனுக்கு. முள்ளுகூட இல்லாத மீனு.

நெவில்: சூடா இருந்துச்சுக்கா.

தெல்மா: அப்புறம் இந்தக் காடு. அந்த மரத்தடியில கால் மணி நேரம். கேட்டா எஞ்சின் சூடாயிருச்சுங்கற.

நெவில்: ஆயிருச்சுக்கா, நிஜமா...

தெல்மா: நீ புதருக்குப் பின்னாடி ஒதுங்கினப்ப நான் மூடியைத் தூக்கிப் பாத்தேன். பால் காய்ச்சறதுக்குக்கூடச் சூடு பத்தாது.

நெவில்: அதுக்குள்ள ஆறியிருக்கும்கா.

தெல்மா: காது செவந்துருச்சு பாரு. ஏழு வயசுலயும் இப்படித்தான், அறுபத்தாறு வயசுலயும் இப்படித்தான்.

நெவில்: வெயில்தான்கா.

தெல்மா: இங்கிலாந்துலயா?

நெவில்: அக்கா... மணி ரெண்டு ஆகப்போகுது.

தெல்மா: ஆகட்டும். அந்த ஃபிளாஸ்க்கை எடு. டீ குடிப்போம்.

நெவில்: டீயா?

தெல்மா: பின் சீட்டுல பன்றிக்கறி அடைச்ச பஃப் இருக்கு, அதையும் எடு. எதுக்கு முழிக்கற? நீதானே நிறுத்தின.

நெவில்: உனக்குக் கோவமே வரலையா?

தெல்மா: முப்பத்தெட்டு வருஷம் டிராவல் ஆபீஸ்ல உக்காந்தவடா நான். கோவத்தையெல்லாம் கவுண்டருக்கு அடியிலயே வச்சுப் பழக்கம். இந்தா, பிடி. சர்க்கரை போட்டிருக்கு.

நெவில்: எனக்கு எறங்காதுக்கா...

தெல்மா: யாரு யாருக்கெல்லாம் பண்ணிக் குடுத்திருக்கேன். கப்பலுக்கு முன்னாடி ரெண்டு நாள் எங்க தங்கறது, எந்த ஊர்ல வண்டி மாறணும், எந்த விடுதியில மாடிப்படி செங்குத்தா இருக்கும், திரும்பி வரும்போது யாரு கூட்டிட்டுப் போக வரணும்... எல்லாம். கல்யாணம் ஆன ஜோடி, ரிட்டயர் ஆன வாத்தியாரு, மூணாவது பொண்டாட்டியோட போற கசாப்புக்காரரு. போயிட்டு வந்து எல்லாரும் எங்கிட்டதான் கதை சொல்லுவாங்க. நார்வேல, பெர்கன்ல மழை பெய்யும், குடை எடுத்துக்கோங்கன்னு ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கேன்டா. அந்த மழையில நான் ஒரு தடவை நனையணும். அவ்வளவுதான் நான் கேட்டது.

நெவில்: தெரியும்கா.

தெல்மா: ஒவ்வொரு வருஷமும் உன் மச்சான் அடுத்த வருஷம்பாரு. மொதல்ல சுரங்கத்துல வேலைநிறுத்தம். சரி, அது நியாயம், சோத்துக்கே வழியில்ல. அப்புறம் அவங்கம்மாவுக்குக் கால் ஒடைஞ்சுது. அப்புறம் அவரு வளக்கற பந்தயப் புறா. அப்புறமும் புறா. ஜூன்ல பந்தயம், ஜூலைல குஞ்சு, ஆகஸ்ட்ல எறகு உதிருது...

நெவில்: அவரு வேணும்னு பண்ணலக்கா.

தெல்மா: மணி என்ன?

நெவில்: ரெண்டு... அஞ்சு.

தெல்மா: ம்.

நெவில்: மூடியிருப்பானா?

தெல்மா: ரெண்டுன்னா ரெண்டுதான். அவன் கடிகாரம் குதிரைக்கெல்லாம் நிக்காது.

நெவில்: அக்கா... அக்கா, என்னை அடி.

தெல்மா: எதுக்கு?

நெவில்: வேணும்னுதான் பண்ணேன். மச்சான்தான் சொன்னாரு. "நெவில், நாலு எடம் சுத்திக் காட்டு, நல்ல விடுதியில தங்க வை, கப்பல் போற வரைக்கும் இழுத்துப் பிடி, அப்புறம் அவளே மனசு மாறித் திரும்பி வந்துருவா"ன்னு. நானும் தலையாட்டிட்டேன். கல்லு, மீனு, குதிரை... எல்லாமே பொய்.

தெல்மா: குதிரை நெஜம்தான்.

நெவில்: வெளையாடாதக்கா! அதோட போகல. மத்தியானம் பப்புல நான் வெளிய போனேன்ல... போன் வந்துச்சு. மச்சான்தான். அழறாருக்கா.

தெல்மா: டெரிக்கா?

நெவில்: ஆமா. "தப்புப் பண்ணிட்டேன்டா, அவளை நேரத்துக்குக் கொண்டு வந்து சேத்துரு, நானும் அவ கூடப் போறேன்"னு. விடிகாலை ரயில் ஏறிட்டாராம். புறாவையெல்லாம் எதிர்வீட்டு ஓல்ட்ராய்டு அம்மாகிட்ட விட்டுட்டு. இப்ப துறைமுகத்துல பெட்டியோட நிக்கறாரு.

தெல்மா: அதுக்கப்புறமும் ஏன்டா இந்தக் காட்டுக்குள்ள வந்த?

நெவில்: பயத்துல வழி மாறிட்டேன். குறுக்கு வழின்னு நெனச்சேன். அப்புறம் மணியைப் பாத்தா, போனாலும் பிடிக்க முடியாதுன்னு ஆயிருச்சு. போய்ப் பாத்து நீ அழறதுக்குப் பதிலா, இங்கயே எஞ்சின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிரலாம்னு... கோழைக்கா நான்.

தெல்மா: டீ ஆறுது, குடி.

நெவில்: முப்பத்தெட்டு வருஷம். நான் கெடுத்துட்டேன். ஏதாவது திட்டேன்!

தெல்மா: பஃப்பைத் தின்னு முடி.

நெவில்: அக்கா!

தெல்மா: தின்னுட்டு வண்டியை எடு. கேட்டு நாலரைக்குத்தான் மூடுவான். கப்பல் ஆறு மணிக்கு.

நெவில்: என்னது?

தெல்மா: நேரத்துக்கு வரமாட்டான்னு தெரிஞ்ச ஆளுக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி சொல்றதுதான் எங்க ஆபீஸ் வழக்கம். ஒருத்தரும் கப்பலைத் தவற விட்டதில்ல, என் மேசையில பதிவு பண்ணவங்க.

நெவில்: நான் அழுதுட்டேன்கா இப்ப!

தெல்மா: அழுதா காது வெளுத்துருச்சு, நல்லா இருக்கு. எடு வண்டியை.

நெவில்: இரு, இரு... பெல்ட்டு... சிரிக்காதக்கா.

தெல்மா: குதிரையைப் பாத்துப் போ.

நெவில்: ... அக்கா, ஒண்ணு கேக்கவா? மச்சான் ஏன் கப்பல்னாலே மாட்டேங்கறாருன்னு தெரியுமா உனக்கு?

தெல்மா: தெரியும்.

நெவில்: புறா இல்ல காரணம்.

தெல்மா: எழுபத்தொம்பதுல சுரங்கத்துல கூரை சரிஞ்சு பதினாறு மணி நேரம் மண்ணுக்குள்ள கெடந்தவரு. அதுலருந்து கக்கூஸ் கதவைக்கூடத் தாழ் போடமாட்டாரு. கப்பல்ல சின்ன அறை, கதவை மூடினா பொட்டி மாதிரி. அதான் பயம்.

நெவில்: உங்கிட்ட சொன்னாரா?

தெல்மா: எங்க சொன்னாரு? நாப்பத்தாறு வருஷம் பக்கத்துல படுத்தவளுக்குச் சொல்லணுமா? வருஷா வருஷம் அவருக்காகவே பாத்தேன், பெரிய ஜன்னல் வச்ச அறை, வெளிய நாற்காலி போட்டு உக்கார்ற அறை. படத்தைக் காட்டுவேன். புறாவுக்குத் தீனி வைக்கணும்னு எழுந்து போயிருவாரு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "எனக்குப் பயமா இருக்கு தெல்மா"ன்னு சொல்லியிருந்தா நான் கப்பலையே மறந்திருப்பேன்.

நெவில்: பாவம்கா அவரு.

தெல்மா: பாவம்தான். யாரு இல்லன்னா? ஆனா பயம் அவருக்கு. கதவைத் தாழ் போட்டது எனக்கு. அது எந்த ஊரு நியாயம்? இடது பக்கம் திரும்பு.

நெவில்: அதான் இப்ப வரேங்கறாருல்ல... ஒண்ணாப் போங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது.

தெல்மா: முடிஞ்சுதா? போர்டைப் பாரு. கப்பல் படம் போட்டிருக்கான், அந்தப் பக்கம்.

நெவில்: அம்மாடி... அதோ! எவ்வளவு பெருசுக்கா! நம்ம தெருவையே தூக்கி நிறுத்தின மாதிரி!

தெல்மா: நாலு தெரு. மெதுவா... அந்தப் பெட்டி எறக்கற எடத்துல நிறுத்து.

நெவில்: மச்சான் நிக்கறாரு பாரு. கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு. மச்சான்! இங்க!

டெரிக்: தெல்மா... வந்துட்டியா? மத்தியானத்துக்கு அப்புறம் இவன் போனை எடுக்கவே இல்ல. நான் என்னென்னமோ நெனச்சு...

தெல்மா: சாப்பிட்டீங்களா?

டெரிக்: ரயில்ல ஒரு பன்னு. தெல்மா, நான் பண்ணது...

தெல்மா: நெவில் சொல்லிட்டான்.

டெரிக்: எல்லாத்தையுமா?

நெவில்: எல்லாத்தையும் மச்சான். அக்கா அடிக்கல. பஃப் குடுத்தாங்க.

டெரிக்: நானும் வரேன் தெல்மா. பாஸ்போர்ட்டு எடுத்துட்டு வந்திருக்கேன். கம்பளிச் சட்டை ரெண்டு. அந்த... அந்த அறையை நான் சமாளிச்சுக்கறேன்.

தெல்மா: எப்படி?

டெரிக்: கண்ணை மூடிக்கறேன்.

தெல்மா: ரெண்டு வாரமா? கண்ணை மூடிக்கிட்டு நார்வே பாக்கப் போறீங்களா?

டெரிக்: உனக்காகத்தான்...

தெல்மா: எனக்காக வேண்டாம் டெரிக். நீங்க நடுங்கறதைப் பாத்துக்கிட்டு நானும் அறைக்குள்ளயே உக்காந்திருப்பேன். அது வீட்டுலயே நடக்குதே. அதுக்கு எதுக்குக் கப்பலு?

நெவில்: அக்கா, வந்தவரை இப்படி...

தெல்மா: நீ பெட்டியை எறக்கு. அறையில ஒரே கட்டில்தான் டெரிக். ஒரு ஆளுக்குத்தான் போட்டேன். ரெண்டு பேருக்குப் போட்டுப் போட்டு முப்பத்தெட்டு வருஷம் கையொடிஞ்சது போதும்.

டெரிக்: கோவமா இருக்க.

தெல்மா: இருக்கேன். பெர்கன்ல மழையில போயிரும்.

டெரிக்: திரும்பி வருவியா?

தெல்மா: இருபத்தொண்ணாம் தேதி காலையில எட்டு மணிக்கு இதே எடம். ரெண்டு பேரும் வரணும். எட்டுன்னா எட்டு.

நெவில்: எட்டுன்னா பத்தரையாக்கா?

தெல்மா: வந்து பாத்துத் தெரிஞ்சுக்கோ.

டெரிக்: சரி... போயிட்டு வா. நான் சாயங்கால ரயிலைப் பிடிக்கறேன். புறா தேடும்.

தெல்மா: ரயில் வேண்டாம். நெவில், இந்தக் கவரைப் பிடி. ரெண்டு பேரும் லைம் ரீஜிஸ் போங்க. ரெண்டு ராத்திரி. கடலுக்கு எதிர்த்தாப்புல விடுதி. அப்புறம் வெல்ஸ்ல ஒரு ராத்திரி, சர்ச் மணிச் சத்தம் கேக்கும். அப்புறம் வீடு. காலையில பிளாக் புட்டிங், அந்த ரத்தக் கறி, வேணும்னு எழுதி அனுப்பியிருக்கேன், இல்லன்னா கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க.

நெவில்: இதுல... அக்கா, இதுல மச்சான் பேரு போட்டிருக்கு! "திரு. டெரிக் ஹெப்டன், திரு. நெவில் கிராப்டிரீ. தனித்தனிக் கட்டில்."

டெரிக்: நான் வருவேன்னு எனக்கே நேத்து ராத்திரிதானே தெரியும்?

தெல்மா: உங்களுக்கு நேத்து ராத்திரி தெரிஞ்சுது.

நெவில்: இரு... அப்ப நான் வேணும்னு இழுத்தடிக்கறேன்னும் உனக்கு மொதல்லயே தெரியுமா? தெரிஞ்சுமா என் கார்ல ஏறின? பேசாம ரயில்ல வந்திருக்கலாமே!

தெல்மா: நீ இல்லன்னா இவரு வேற யாரையாவது ஏற்பாடு பண்ணியிருப்பாரு. அவன் ஒழுங்கா இழுத்தடிச்சிருப்பான்.

டெரிக்: தெல்மா... எப்ப பதிவு பண்ண இதெல்லாம்?

தெல்மா: போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, நீங்க ரெண்டு பேரும் புறாக்கூண்டுக்குள்ள நின்னு குசுகுசுன்னு பேசினீங்களே, "அவ அப்பாவி, கல்லைக் காட்டினா மயங்கிருவா"ன்னு... அன்னிக்குச் சாயங்காலமே. அடுப்படி ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு, டெரிக்.