முதல்ல கடிச்சது யாரு?

இருங்க, இருங்க... மேலத்தெருவும் உக்காருங்க, கீழத்தெருவும் உக்காருங்க. மைக்கு இப்ப என் கையில இருக்கு. ஒரு சின்னக் கதை சொல்லிடறேன். அப்புறம் உங்க சண்டையை விட்ட இடத்துல இருந்து எடுத்துக்கலாம்.

ஒரு ஆத்தங்கரையில அகழாய்வு நடக்குது. கோதண்டபாணின்னு ஒரு பேராசிரியர், ஜெசிந்தான்னு ஒரு பேராசிரியை, அவங்ககிட்ட படிக்கிற புள்ளைங்க ஒரு கூட்டம். மண்ணுக்குள்ள ஒரு எலும்பு கிடைச்சுது. ஆதிகாலத்துக் காட்டெருமையோட தொடை எலும்பு! அதுல கல் கத்தியால அறுத்த கீறலும் இருக்கு, மிருகம் கடிச்ச பல் தடமும் இருக்கு.

அவ்வளவுதான்... ஆரம்பிச்சுது. சார் சொல்றார்: "மனுஷன்தான் முதல்ல! வேட்டையாடினான், அறுத்தான், தின்னான். மிச்சம் மீதியைத்தான் புலி கடிச்சுது."

மேடம் விடுவாங்களா? "போங்க சார்! அடிச்சதே புலிதான். அது தின்னு ஏப்பம் விட்டுட்டுப் போனப்புறம், நம்மாளு பதுங்கிப் பதுங்கி வந்து ஒட்டினதைச் சுரண்டிட்டு ஓடினான்!"

சரி, சோதிச்சே பாத்துடலாம்னு ஒரு முழு எருமைத் தொடையை வாங்கிட்டு வந்தாங்க. கல்லாலேயே அறுக்கணும். விழற கீறலைப் பழைய எலும்போட ஒத்துப் பாக்கணும். அறுத்த கறி? மத்தியானப் பிரியாணிக்கு! சமையல்காரர் ஷம்ஷுதீன் பாய் அடுப்பை மூட்டிட்டு உக்காந்திருக்கார். காலையில இருந்து மண்ணு தோண்டின புள்ளைங்க தட்டோட நிக்குது.

சார் கல்லை எடுத்தார்.

"சார், முட்டிப் பக்கத்துல இருந்து அறுங்க."

"ஏம்மா, இடுப்புப் பக்கம்தானே முறை?"

"யார் வச்ச முறை?"

"ஆதி மனுஷன் வச்ச முறை!"

"நீங்க பாத்தீங்களா?"

"நீங்க பாத்தீங்களா?"

கல்லைக் கீழ வச்சிட்டு ரெண்டு பேரும் மரத்தடிக்குப் போனாங்க... நிழல்ல வசதியா சண்டை போட! வேடிக்கை பாக்கப் புள்ளைங்களும் பின்னாலேயே போச்சு.

அந்த நேரம்... சத்தமே இல்லாம... மூணு நாய். அதுங்களுக்கு ஆராய்ச்சி தெரியுமா? தெரியாது. பசி தெரியும்.

ரொம்ப நேரம் கழிச்சு, தண்ணி எடுக்கப் போயிருந்த பாய் திரும்பி வந்து போட்ட கூச்சல்ல எல்லாரும் ஓடி வந்தா, வெறும் எலும்பு கிடக்கு. ஒரு கீறல் இல்ல, பூரா பல் தடம்! மேடம் அதைத் தூக்கிப் பிடிச்சு ஒரு குதி குதிச்சாங்க: "பாத்தீங்களா சார்! மிருகந்தான் முதல்ல!"

"அம்மா, இது நாய்... இதெல்லாம் கணக்குல வராது!"

பாய் நடுவுல வந்தார். "மேடம், நீங்க ஜெயிச்சீங்க, ரொம்ப சந்தோஷம். சாப்பிட வாங்க."

என்ன சாப்பாடு? கறித்துண்டே இல்லாத வெறும் பிரியாணிச் சோறு... குஸ்கா! ஜெயிச்ச மேடத்துக்கும் குஸ்கா, தோத்த சாருக்கும் குஸ்கா... வாயே திறக்காத புள்ளைங்களுக்கும் குஸ்கா!

சிரிக்கிறீங்க... நல்லா சிரிங்க. இப்ப நான் கேக்கறேன். நம்ம ஏரி மதகு உடைஞ்சு கிடக்கு. சிமெண்டு வந்து இறங்கியாச்சு, கொத்தனார் வந்தாச்சு. நாம எதுக்குக் காத்திருக்கோம்? வேலை முடிஞ்சு நடப்போற கல்வெட்டுல எந்தத் தெருப் பேரு முதல்லன்னு! மழை அதையெல்லாம் கேட்டுட்டா பெய்யும்? ஒரே கொட்டு... உடைஞ்ச மதகு வழியா மொத்தத் தண்ணியும் போயிடும். எனக்கு வயிறு எரியுதுய்யா! அப்புறம் உங்க பேரே முதல்ல இருக்கட்டும்... வத்திப்போன ஏரிக்கரையில அந்தக் கல்லை நட்டு வச்சு, ரெண்டு தெருவும் சுத்தி உக்காந்து குஸ்கா திங்க வேண்டியதுதான்!

காலையில எல்லாரும் மதகுகிட்ட வாங்க. வேலையை ஆரம்பிப்போம். முதல் செங்கல்லை எந்தத் தெரு வைக்கிறதுன்னு மட்டும்... தயவுசெஞ்சு யாரும் கேட்டுடாதீங்க!