தாழ்ப்பாள் போடாத அப்பன்

பார்த்த படத்தையே திரும்பப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். நேற்று மரக்காணத்தில் திண்டிவனம் பஸ் ஏறும்வரை அப்படித்தான். முன் சீட்டில் உப்பளத்தில் வேலை செய்யும் கணவன், மனைவி. மழைக்கு உப்பளம் மூடியதிலிருந்து டிவியே கதி என்று பேச்சில் தெரிந்தது.

திடீரென்று அவர் சொன்னார்: “ஏம்மே, அந்த அப்பன் தாழ்ப்பாளே போடல.”

“எந்த அப்பன்?”

“அந்தப் படத்துலதான். லவ் மேரேஜ் பண்ணிக்கிட்டு வந்த பொண்ண வெளிய நிறுத்திட்டு கதவைச் சாத்துறான்ல? நேத்து மறுபடி பாக்கும்போதுதான் தெரிஞ்சுது.”

“மொத வாட்டி அதுக்கு விசிலடிச்ச. அடுத்த வாட்டி கண்ணுல உப்புத் தூசுன்ன. அடிக்கிற மழையில ஏதுய்யா உப்புத் தூசு?”

“அந்தப் பொண்ணு தள்ளியிருந்தா தெறந்திருக்கும்.”

“நம்ம பொண்ணு தள்ளித்தான் பாத்தா. நீதான் தாழ்ப்பாளைப் போட்டு, பீரோவையும் நவுத்தி வச்ச.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பெருமுக்கல் வந்துடுச்சு. உம் பொண்ணு ஊருதான், எழுந்திரு.”

“அவ கதவைத் தெறக்கலன்னா?”

“வாசல்லயே உக்காரு. ஒரே படத்தத் திரும்பத் திரும்பப் பாத்த ஆளு, உனக்கா பொறுமையில்ல?”

“மொதல்ல தட்டிப் பாக்குறேன்,” என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர் இறங்கினார்.