முதுகில் ஒரு சொட்டு இறால்

பெரியதாழை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண், தோளில் தூங்கிய கைக்குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பக்கத்தில் இருந்தவளிடம் முதுகைக் காட்டினாள்.

“பாத்தீகளா மதினி? இன்னைக்கு ஆஸ்பத்திரியில அலர்ஜி டெஸ்டுன்னு பாலு, முட்டை, மீனுன்னு ஒவ்வொரு சொட்டா விட்டு ஊசியால லேசா குத்துனாங்க. இறால் சொட்டு விட்ட இடம் மட்டும் தடிச்சிட்டு.”

“இறாலா? இவன் அப்பன் இறால் கூடைக்குள்ள கெடந்து வளந்தவன்லா.”

“அதான் வினையே. உங்க தம்பி கடல்லேருந்து வந்ததும் அப்படியே பிள்ளையத் தூக்கிருவாக. குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் தொடணும்னு டாக்டர் போன வாரமே சொல்லிட்டாரு.”

“எங்க அப்பா வாசல்ல வலையை இறக்குமுன்ன நானும் தம்பியும் ஓடிப்போயி கழுத்தைக் கட்டிக்கிடுவோம். எங்க மேலெல்லாம் செதிலா ஒட்டிக்கிடக்கும்.”

“எங்க வீட்லயும் அப்படித்தான். அந்த மீன் வாடை வந்தாலே அப்பா வந்துட்டாகன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லிருவேன்.”

“தம்பி சொன்னாக் கேக்கானா?”

“கேக்காக. சோப்பு மணக்க மணக்க வாராக. பிள்ளைக்கு முன்ன மேலெல்லாம் வந்துட்டிருந்த தடிப்பும் கொறஞ்சிட்டு.”

அவள் குழந்தையின் சட்டையை இறக்கிவிட்டாள்.

“எனக்குத்தான் மதினி, வீட்டுக்குள்ள யாரோ வேத்தாளு வந்த மாதிரி இருக்கு.”