விலங்கோடு வருகிறவர்

தொண்ணூறுகளின் தொடக்கம். பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு பெண் இருந்தாள். பாரிவாக்கத்தில் ஏறிய அவள் தோழி, உட்காரும் முன்பே கத்தினாள்:

"ஸ்டெல்லாக்கா, எங்க ஊட்டுக்காரர மலேசியாவுலேர்ந்து போலீசு புடிச்சுகினு வருது!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"இன்னாடி மேரி, இதுக்கா இவ்ளோ சந்தோசம்?"

"அடிதடி கேசுல ஓடிப்போனவருக்கா. மூஞ்சியப் பாத்து ஏழு வருசமாச்சு. அங்க புடிச்சு உள்ள வச்சாங்க. இப்ப இங்க அனுப்பச் சொல்லி கோர்ட்டுல ஆர்டர் ஆயிடுச்சு."

"அப்பீலு பண்ணா அங்கயே இருக்கலாமே?"

"வக்கீலும் அதான் சொன்னாராம். வேணாம், நான் ஊருக்கே போறேன்னு இவரே எழுதிக் குடுத்துட்டாரு."

"இங்க வந்தாலும் ஜெயிலுதானேடி?"

"இருக்கட்டும்க்கா. இந்த ஜெயிலுன்னா நான் ரயில் ஏறிப் போயி மனு போட்டுப் பாக்கலாமில்ல?"

ஸ்டெல்லா அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மேரியின் குரல் தாழ்ந்தது.

"நான் முழுகாம இருக்கசொல்ல போனவரு. பொண்ண அவரு பாத்ததே இல்ல. கூட்டிகினு போனா உள்ள விடுவாங்களாக்கா?"

"விடாம? நானும் வர்றேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்."