தம்பிக்காகப் பேசியது நான்தான்

மைக்கைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வெல்டிங் பட்டறையில் நாள் முழுக்கக் கத்துகிறவன்தான், ஆனால் நாலு பேர் உட்கார்ந்து கேட்டால் மென்று முழுங்குவேன். அப்பா செத்தபோது மூத்தவன் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். "எங்க அப்பா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. தம்பி என் கையிலிருந்து மைக்கை வாங்கிப் பேசினான். கூட்டம் அழுதது. இன்றைக்கும் அவன் பேசியதைச் சொல்வார்கள். நான் நின்றதையும் சொல்வார்கள்.

அதனால் தம்பிக்கு நுரையீரல் போய், டாக்டர் கையை விரித்ததும், இவனுக்காவது ஒழுங்காகப் பேசிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எழுதிப் படிக்க எனக்குப் படிப்பு இல்லை. யாரிடமாவது எழுதித் தரச் சொன்னால் தங்கள் சரக்கைச் சேர்த்துவிடுவார்கள், நம்ப முடியாது. மனப்பாடம்தான். பட்டறையில் கிரைண்டரை ஓடவிட்டு அந்தச் சத்தத்தில் சொல்லிப் பார்த்தேன்.

பட்டறையை ஒட்டித்தான் வீடு. பக்கத்து அறையில் படுத்திருந்த தம்பிக்குக் கேட்டுவிட்டது. ஆக்சிஜன் குழாயோடு கூப்பிட்டான்.

"யாருண்ணே செத்தது? ரொம்ப நல்லவனா இருப்பான் போலிருக்கே."

கிரைண்டரை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"சும்மா சொல்லு. அன்னைக்கு நான் மட்டும்தானே கேக்க முடியாது."

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டான்.

"தங்கமான மனுஷன்னெல்லாம் சொல்லாத, எல்லாரையும் அதான் சொல்றாங்க. உன் கண்ணாடிய நான் ஒளிச்சு வெச்சத சொல்லு. சிரிப்பாங்க. சிரிச்சு முடிக்கட்டும், கொஞ்சம் நிறுத்து. அப்புறம் அழ வை."

மாற்றினேன். தினமும் ஒத்திகை நடந்தது. சிரித்துச் சிரித்து அவனுக்குப் பசி எடுத்தது. சாப்பிட்டான், எழுந்து உட்கார்ந்தான். ஆக்சிஜனை மட்டும் எடுக்காதீர்கள், பிழைத்துவிடுவார் என்றார் டாக்டர். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் வயதில் மனப்பாடம் நிற்காது. காலையில் இருந்த வரி சாயங்காலம் இருக்காது.

பட்டறை ஆட்கள் அவனைப் பார்க்க வந்தார்கள். தலையணையில் சாய்ந்துகொண்டு என் பேச்சை என் குரலிலேயே பேசிக் காட்டினான். நான் திணறுகிற இடத்தில் அவனும் திணறினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"நீ முந்திக்கிட்டாலும் கவலப்படாதண்ணே, உனக்கும் நானே பேசிடறேன்" என்றான்.

அவர்கள் போனார்கள். தம்பி மனைவி மருந்து வாங்கப் போனாள். சிலிண்டர் மாற்றுவது என் வேலை, வேறு யாரையும் தொட விட்டதில்லை. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். வால்வைத் திறக்கவில்லை.

"காத்து வரலண்ணே."

"வரும், பொறு" என்றேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தான், நானும் பிடித்துக்கொண்டேன். பேச்சை முதலிலிருந்து கடைசிவரை சொல்லிப் பார்த்தேன். எங்கேயும் தடுக்கவில்லை. அவனும் திருத்தவில்லை. பிறகு வால்வைத் திறந்து வைத்தேன்.

இரங்கல் கூட்டத்தன்று கூடம் நிறைய ஆட்கள். கண்ணாடி விஷயத்துக்குச் சிரித்தார்கள். நிறுத்தினேன். அழுதார்கள். ஒரு வரிகூட விடவில்லை. மேடையிலிருந்து இறங்கியதும் தம்பி மனைவி ஓடி வந்தாள்.

"அவர் சொல்லிக்குடுத்தத அப்படியே சொல்லிட்டீங்க மாமா. அவரே பேசின மாதிரி இருந்துச்சு."

பின்னால் பட்டறை ஆள் ஒருவன், "தன் சாவுக்குத் தானே பேச்சு தயார் பண்ணி வெச்சுட்டுப் போயிருக்கான் பாரு, என்னா மனுஷன்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை.

அதனால்தான் ஐயா, நீங்கள் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தியது, அது இது என்று எழுதிவிடாதீர்கள். சிலிண்டர் விஷயம் முழுக்க என் யோசனை. அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதி முடித்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படியுங்கள்.