இடது ஸ்பீக்கருக்கு முன்னால ஒரு ஆள் இடம்

ஞாயித்துக்கிழம சாயங்காலம் நாலு மணி. ராத்திரிகூட இல்ல... ஆகஸ்ட் மாச வெயில். எங்க ஊரு போர்ட் ஆர்தர்லேர்ந்து கடல் பக்கமாப் போற ரோடு. ரெண்டு பக்கமும் தண்ணி நிக்கிற நெல்வயல். பத்து மைலுக்கு ஒரு வீடு கெடையாது. அந்த ரோட்டுல தனியா ஒரு பழைய வண்டி போகுது. ஓட்டுறது வெர்லின்.

என்கூட எண்ணெய் ஆலையில வேல பாக்குறான்ல டூவி... அவன் அக்கா டெஸ்ஸியோட புருஷன்தான் இந்த வெர்லின். வெல்டர். அம்பத்தெட்டு வயசு. எப்பப் பாத்தாலும் யார்கூடவோ சண்ட போட்டுட்டு வந்த மாதிரி ஒரு மூஞ்சி.

அந்த ரோட்டுக் கடைசியில தகரக் கூரை போட்ட பெரிய பீர் கடை. ஞாயித்துக்கிழம அஞ்சு மணிக்கு அங்க லீமன் குழு ப்ளூஸ் ராக் வாசிக்கும். லீமன் கிட்டார் கம்பிய இழுத்து நிறுத்தினா, நமக்கு அடிவயித்துல அதிரும். வெர்லின் பதினோரு வருஷமா ஒரு வாரம் விட்டதில்ல. சட்டைப் பையில சின்ன டேப் ரெக்கார்டர். வீட்டுல ஒரு அறை முழுக்க கேசட். கடையில விக்கிற ரெக்கார்டு ஆகாது அவருக்கு. “கழுவித் தொடச்சு பவுடர் போட்டு விக்கிறானுங்க”ம்பாரு.

மேடைக்கு இடது பக்கத்து ஸ்பீக்கர், அதுக்கு முன்னால ஒரு மரத்தூண். அந்தத் தூணை ஒட்டி ஒரே ஒரு ஆள் நிக்கலாம். கிட்டார் முழுசா விழுற எடம் அதுதான். அதுக்குப் போட்டி போட இன்னொரு கிழவர் வருவாரு. ஹாலிஸ். அவரும் டேப் பண்றவரு. சுருட்டும் தலவலித் தைலமும் கலந்து ஒரு வாட அடிக்கும் அவர்மேல. பதினோரு வருஷமும் ரெண்டு பேரும் முழங்கையால இடிச்சுக்கிட்டேதான் பாட்டு கேட்டாங்க.

“தள்ளுடா. உன் மூச்சுதான் என் டேப்புல கேக்குது”ம்பாரு வெர்லின்.

“உனக்கு எதுக்குடா டேப்பு? தாளத்துக்குக் கை தட்டவே தெரியல.”

அந்த ஆகஸ்டுல ஹாலிஸ் செத்துப்போயிட்டாரு. நெஞ்சுவலி. அடக்கத்துக்கு வெர்லினும் போனாரு. பெட்டிய எறக்குறாங்க... பாதிரியார் ஜெபத்த நிறுத்தி மூச்சு வாங்குறாரு... வெர்லின் சத்தமா சொன்னாரு.

“இனிமே என் டேப்பு சுத்தமா வரும்.”

ஹாலிஸோட சம்சாரம் திரும்பிப் பாத்தாங்க.

நான் சொன்ன அந்த நாலு மணி, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழம. வெர்லின் போய் நேரா தூண்கிட்ட நின்னாரு. கூட்டம் நெருக்குது. கால் வைக்க எடமில்ல. ஆனா அவருக்கு வலது பக்கம் மட்டும் ஒரு ஆள் அகலத்துக்குக் காலியாவே இருக்கு. ஆடுறவங்க அந்த எடத்துக்கிட்ட வந்ததும் தன்னால வளைஞ்சு போறாங்க.

மூணாவது பாட்டு, மெதுவானது. லீமன் தனியா வாசிக்க ஆரம்பிச்சாரு. குப்புன்னு சுருட்டு வாட... கூடவே தைலம். விலாவுல ஒரு இடி.

திரும்பினாரு. யாருமில்ல.

இன்னொரு இடி. இன்னும் பலமா.

வேற யாரா இருந்தாலும் ஓடியிருப்பாங்க. வெர்லினுக்கு பயம் வரல, கோவம் வந்துது. முழங்கைய மடக்கித் திருப்பி இடிச்சாரு. காத்துல போகல அந்தக் கை... எலும்புல பட்டுச்சு.

“செத்தும் திருந்தலியாடா நீ?”

பக்கத்துல ஆடிக்கிட்டிருந்த பொண்ணு ஒரு மாதிரி பாத்துட்டு நகந்து போச்சு.

திரும்புற வழியில வண்டியில டேப்பப் போட்டாரு. முதல் ரெண்டு பாட்டும் கண்ணாடி மாதிரி இருக்கு. மூணாவதுல கிட்டார் ஏற ஏற, சத்தம் அமுங்கிப்போச்சு. மைக்க ஒட்டி யாரோ முதுகக் காட்டி நின்ன மாதிரி.

சட்டையக் கழட்டினப்போ டெஸ்ஸி பாத்தா. விலா ஊதா நிறத்துல கன்னிப்போயிருக்கு.

“அடுத்த வாரம் போகாதீங்க. வீட்டுலதான் ஆயிரம் கேசட் இருக்கே.”

“அது என் எடம். உசுரோட இருக்கறப்பவே விட்டுக் குடுக்கல. இப்பவா விடுவேன்?”

போனாரு. அதே தூணு. மெதுவான பாட்டு வந்துது. கிட்டார் உச்சிக்குப் போறப்ப வெர்லின் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு சாஞ்சாரு. லீமன் வாசிப்ப நிறுத்திட்டாரு. ஆம்புலன்ஸ் வந்துது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள உசுரு போயிருச்சு.

அவரோட சட்ட, பெல்ட், ரெக்கார்டர் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு டெஸ்ஸிகிட்ட குடுத்தாங்க. மூணு வாரம் அவ அதத் தொடல. அப்புறம் டூவியக் கூப்பிட்டு, ரெண்டு பேரும் சமையலறையில உக்காந்து போட்டுக் கேட்டாங்க.

பாட்டு வருது. கிட்டார் அமுங்குது. தொப்புன்னு ஒரு சத்தம்... கூச்சல். ரெக்கார்டர யாரும் நிறுத்தல, சட்டைப் பையிலேயே ஓடியிருக்கு. ஆம்புலன்ஸ் கதவு சாத்துற சத்தம். சைரன் சத்தம். கூட வந்த ஆஸ்பத்திரிப் பையன், “மெதுவா மூச்சு விடுங்க சார்”ங்கறான்.

வெர்லின் குரல், மொனகலா... “அவன எந்திரிக்கச் சொல்லு.”

“யாரையும் காணோமே சார்.”

“நெஞ்சு மேல உக்காந்திருக்கான்... எந்திரிக்கச் சொல்லு...”

அப்புறம் வெர்லின் பேசல. வண்டி ஓடுற சத்தம் மட்டும். அந்த ரோடு பூரா குண்டும் குழியும்... தடக், தடக்னு.

கொஞ்ச நேரம் கழிச்சு முன்பக்கத்துலேர்ந்து டிரைவர் கேக்குறான், எரிச்சலா. அவனுக்குக் கண்ணாடியில பின்பக்கம் தெரியும்.

“ஏம்ப்பா, நோயாளிய மட்டும்தானே ஏத்தச் சொன்னேன்? அந்தப் பெரியவர எதுக்கு ஏத்தின?”