ஐந்தாவது திரி

என் பெயர் சொர்ணாம்பாள், வயது 49. கணவர் பெயர் கோதண்டபாணி. விருத்தாசலம் குளக்கரைத் தெருவில் குடியிருந்து வருகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவள். தேவாரமும் வீட்டுக் கணக்கும் நானாகக் கற்றுக்கொண்டது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் விளக்கை அணைத்து அரசு வேலையைத் தடுத்ததாக என் மீது உள்ள புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதைப் பற்றி நான் சொல்வதாவது.

எங்கள் தெருவுக்கு மேற்கே நிலக்கரி எரித்து டைல்ஸ் சுடும் பெரிய ஆலையும், அதற்கு ஆழ்குழாய்க் கிணறுகளும் போடப்போவதாகப் பேச்சு வந்தது. சூளையே ஆகாது என்று நான் சொல்லவில்லை. என் கணவர் பீங்கான் யூனிட்டில் சூளைக்குச் சரக்கு அடுக்குகிறவர், எங்கள் சோறு அதில்தான். ஆனால் இப்போதே தெருக்கிணறு மாசியிலேயே வற்றிவிடுகிறது. மழை பெய்தால் ஒரே ராத்திரியில் கொட்டி வீட்டுக்குள் வருகிறது, இல்லையென்றால் மாதக்கணக்கில் கிடையாது. லாரித் தண்ணீரில்தான் பாதி வருடம் ஓடுகிறது.

இந்த ஆடியில் அந்த ஆலைக் கம்பெனியைச் சேர்ந்த மதுவந்தி என்பவர் எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு வந்து, மழை வேண்டி விளக்கு பூஜை செய்யுங்கள், செலவு எங்களுடையது என்று சொல்லி, வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு பித்தளை விளக்கு கொடுத்தார். தாம்பூலத்தோடு வரும் விளக்கை எங்கள் தெருவில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. நானும் வாங்கினேன். அதன் பிறகு நான் முன்னால் உட்கார்ந்து, ஊரில் மழை பெய்ய வேண்டும், கிணறு ஊற வேண்டும் என்று சங்கல்பம் சொல்ல, பெண்கள் எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். அதைப் படம் பிடித்தார்கள்.

அதன் பிறகு ஆவணியில் கல்யாண மண்டபத்தில் அந்த ஆலை பற்றி அரசாங்கத்தின் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. கிணற்றைப் பற்றிச் சொல்வதற்காகப் போனேன். அதிகாரி மேடையில் குத்துவிளக்கில் ஐந்து திரியும் ஏற்றினார். அதன் பிறகு திரையில் எங்கள் பூஜைப் படத்தைப் போட்டு, ஆலை நல்லபடியாக அமைய வேண்டி இப்பகுதிப் பெண்கள் நடத்திய பூஜை என்று வாசித்தார்கள். படத்தில் வாய் திறந்திருந்தது நான்தான்.

நான் எழுந்து மைக் கேட்டேன். மதுவந்தி, "சாமி காரியத்துல அரசியல் எதுக்கும்மா? நீங்களே வேண்டிக்கிட்டு நீங்களே வந்து சண்டை போடுறீங்களே" என்றார். கூட்டத்தில் சிரித்தார்கள். "மழைக்கு வேண்டுனதும்மா, ஒங்க ஆலைக்கு இல்ல" என்றேன். மைக் தரவில்லை.

அதன் பிறகு நான் மேடை ஏறினேன். பொய்ச் சங்கல்பத்துக்கு ஒரு விளக்கு எரியக்கூடாது. விளக்கில் சுற்றியிருந்த பூவை எடுத்து ஒவ்வொரு திரியாக அமர்த்தினேன். ஊதவில்லை. எண்ணெய் சிந்தவில்லை, யாரையும் தள்ளவில்லை. நாலு திரி அமர்ந்தது. ஐந்தாவதுக்குக் கை போனபோது பெண் காவலர் அமுதவள்ளி கையைப் பிடித்து இறக்கினார். வழியில், "வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஏம்மா இப்படிப் பண்ண?" என்று கேட்டார். "இன்னைக்கு வூட்டுல வெளக்கேத்த நான் இல்லன்னுதான் தாயி எனக்கும் கவலையா இருக்குது" என்றேன்.

அந்த ஒரு திரியோடு கூட்டம் நடந்து முடிந்ததாகவும், ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று எழுதி வாசித்ததாகவும், மாலையில் நிலையத்துக்கு வந்த பக்கத்து வீட்டு பூர்ணிமா சொன்னார்.

ஆய்வாளர் அவர்கள், வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் கம்பெனி புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளும், வீட்டுக்குப் போகலாம் என்று நல்லவிதமாகவே சொன்னார்கள். நான் யோசித்தேன். ஆட்சேபணை இல்லை என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். ஆட்சேபித்தேன் என்று இங்கே வழக்கு எழுதியிருக்கிறார்கள். புகார் போய்விட்டால் நான் ஆட்சேபித்தேன் என்பதற்கு அரசாங்கத்தில் ஒரு காகிதமும் இருக்காது. ஆகையால் வருத்தம் தெரிவிக்க எனக்குச் சம்மதமில்லை. வழக்கு இருக்கட்டும்.

இதை நானே வாசித்துப் பார்த்தேன். "விளக்கைத் தட்டிவிட்டு" என்று இருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார்கள். மீதி எல்லாம் நான் சொன்னதுதான், நடந்ததுதான். யாரும் மிரட்டிச் சொல்லவில்லை.

(ஒப்பம்) கோ. சொர்ணாம்பாள்